மேல்வரிசையில் முன்பல் கிடையாது, சார்!

முதல் வகுப்பில் தேறியவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு திட்டம் இருந்தால் போதும். பௌதிகத்தில் கரையேறுவதற்கே மூச்சு முட்டியவனுக்கு நாலைந்தாவது வேண்டும். பி.யு.சி. முடித்த வருடம் என்னிடம் ஐந்து திட்டங்கள் இருந்தன. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் வகுப்பிலேயே நான்தான் பணக்காரன்.

முடிச்சூரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். என் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஏர் பிடித்தவர். சுற்றுவட்டாரத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் பல்லைப் பார்த்து வயசு சொல்ல அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். மாட்டின் வாயைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆறு பல்லு" என்பார். அதற்கப்புறம் விற்கிறவன் அதைக் கன்றுக்குட்டி என்று சாதிக்க முடியாது.

எனக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. என் மார்க்கோடு பெரிய மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனால் வாசல் காவலாளியே சிரித்துவிடுவார் என்பதால், பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று வர வேண்டும், அவ்வளவுதான். எந்த உறுப்பு என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

நைனாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "நம்ம வூட்டு வேலதானடா? கவர்மெண்டுல கத்துக் குடுக்கறாங்கன்னா போயி கத்துக்கினு வா" என்றார். அன்று சாயங்காலமே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தின் மை காய்வதற்கு முன் நான் முடிச்சூரின் பல் டாக்டர் ஆகிவிட்டேன். ஒரு பெரியவர் வழியில் என்னை நிறுத்தி வாயைத் திறந்து காட்டினார். நானும் எட்டிப் பார்த்து, "ம்ம்" என்றேன். (பதினேழு வயசில் அந்த "ம்ம்" எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.)

நிஜத்தைச் சொன்னவன் சாமுவேல் ஒருவன்தான். சேலையூரில் வாத்தியார் வீட்டுப் பையன், என் வகுப்பு, முதல் பெஞ்சு.

"மச்சான், உன் மார்க்குக்கு டென்டல் கிடைக்கும்னு நினைக்கிறியா?"

"நினைக்கிறேன்டா."

"தாராளமா நினை. ஆனா கூடவே இன்னும் நாலு எடத்துக்கு அப்ளிகேஷன் போடு. ட்ரெயின் போனா பஸ்ஸு. பஸ்ஸு போனா சைக்கிள். நடுரோட்டுல மட்டும் நிக்கக் கூடாது."

அவன் சொன்னபடியே வரிசைப்படுத்தினோம். பல் மருத்துவம், ட்ரெயின். கால்நடை மருத்துவம், பஸ். விலங்கியல் பட்டப்படிப்பு, சைக்கிள். பல் மெக்கானிக் பயிற்சி (கட்டுப்பல் செய்யக் கற்றுக்கொடுப்பார்கள்), நடை. ஐந்தாவதாகச் சுகாதார ஆய்வாளர் பயிற்சி. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். "தவழ்ந்து போறது" என்றான் சாமுவேல்.

முதலில் வந்தது கால்நடைக் கல்லூரியின் இன்டர்வியூ கார்டுதான். நைனா சுறுசுறுப்பாகிவிட்டார். ஒரு வாரம் தினமும் காலையில் மாட்டுக் கொட்டகையில் எனக்கு வகுப்பு. எங்கள் செவலைக் காளையின் வாயைப் பிளந்து என் கையை உள்ளே விடச் சொல்லி, "எண்ணுடா" என்பார்.

"கீழ முன்னால எட்டு, நைனா."

"மேல?"

"மேல முன்னால ஒண்ணுமில்ல. கெட்டி ஈறுதான்."

"மொத்தம்?"

"கடவாப் பல்லெல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு."

"சபாஷ்! ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டும் வந்துட்டா கடை சேந்துச்சி, மாட்டுக்கு முழு வயசுன்னு அர்த்தம். கண்ண மூடிக்கினு சொல்லணும்."

கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கால்நடைக் கல்லூரிக்காரர்கள் இன்டர்வியூவைத் தள்ளிவைத்தார்கள். அதே வாரத்தில் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து கார்டு வந்து குதித்தது. ஆக, மனிதப் பற்களை சாமுவேல் வீட்டில் ஒரு சாயங்காலம் படித்தேன். மாட்டுப் பற்களை ஒரு வாரம், முழங்கை வரை எச்சிலோடு படித்திருந்தேன். எது மனசில் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சாமுவேல் கடைசியாக ஒரு புத்திமதி சொல்லி அனுப்பினான். "என்ன பதில் சொன்னாலும் கான்ஃபிடன்ஸா சொல்லு. சொன்னதை மாத்தாதே. மாத்தினா தெரியலன்னு அர்த்தம்."

நைனாவும் நானும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கல்லூரிப் படிக்கட்டில் அவரை உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போனேன். "பயப்படாத. அவங்களும் பல்லு பாக்கறவங்கதான்" என்றார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தாட்டியாக ஒரு பெரிய டாக்டர். ஒரு பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான டாக்டர், மறுபக்கம் ஒரு டாக்டர் அம்மா. பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

"ஒரு வளர்ந்த மனுஷனுக்கு எத்தனை பல்?" என்றார் ஒல்லி டாக்டர்.

"முப்பத்திரண்டு, சார்!" அந்த அறையின் ஜன்னல் அதிர்ந்திருக்கும்.

"குட். மேலே எத்தனை, கீழே எத்தனை? முன்னாலேர்ந்து பிரிச்சுச் சொல்லு."

பதற்றத்தில் கண்ணை மூடினேன். மூடியிருக்கக் கூடாது. மூடியதும் எதிரே செவலை வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"கீழ்வரிசையில் முன்பல் எட்டு, சார். மேல்வரிசையில் முன்பல் கிடையாது, சார்!"

"கிடையாதா?"

"கிடையாது, சார். அங்கே கெட்டியான ஈறு மட்டும்தான், சார்."

டாக்டர் அம்மா கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ஒல்லி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடுவில் இருந்த பெரிய டாக்டர் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"தம்பி, இங்க என்னைப் பாரு." ஈயென்று காட்டினார். "இது என்ன?"

"பல், சார்."

"எங்க இருக்கு?"

"மேலே, சார்."

"முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால, சார்."

"அப்போ?"

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. செவலை மறைந்து மனிதர்கள் தெரிந்தார்கள். பெரிய டாக்டருக்கு மேல்வரிசையில் பல் பளபளத்தது. "தப்பாகச் சொல்லிவிட்டேன், சார்" என்று சொன்னால் விட்டிருப்பார்கள். ஆனால் சாமுவேல் என் காதுக்குள் உட்கார்ந்து, மாத்தாதே, மாத்தாதே என்று கத்திக்கொண்டிருந்தான்.

"அது கட்டுப்பல்லா இருக்கும், சார்" என்றேன்.

டாக்டர் அம்மா கைக்குட்டையை மெல்ல இறக்கிவிட்டு மேஜையைப் பார்த்தார். ஒல்லி டாக்டர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பெரிய டாக்டரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. யாராவது ஒருவர் என்னை வெளியே தள்ளினால் நன்றாயிருக்கும் என்று காத்திருந்தேன்.

"எப்படிய்யா கண்டுபிடிச்சே?" என்றார் அவர்.

அது கட்டுப்பல்லேதான்! மேல்வரிசை முழுக்க!

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான்? வரிசையைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன் என்று நாலு வார்த்தை அளந்து சீட்டோடு வெளியே வந்திருப்பான். நான் சொன்னது இது: "கண்டுபிடிக்கல, சார். இல்லாட்டி நான் சொன்னது தப்பாயிடும், சார்."

பெரிய டாக்டர் சிரித்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஒரு கட்டத்தில் வாயைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சிரிக்க வேண்டியிருந்தது. (ஏன் என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். தொழில்.)

"மேல முன்பல் இல்லைன்னு உனக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தது?" என்று டாக்டர் அம்மா கேட்டார்.

"எங்க நைனா, மேடம். ஆனா அவர் மாட்டுக்குத்தான் சொன்னார்."

மறுபடியும் சிரிப்பு. பெரிய டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த சீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். மற்ற நான்கு திட்டங்களையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். மெக்கானிக் பயிற்சி என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுக்குக் கூப்பிட்டா வருவியா?"

"வருவேன், சார். ஆனா அது நாலாவது, சார். நடை."

"நடந்தே வா" என்றார்.

படிக்கட்டில் நைனா எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டரின் அப்பா என்று ஊரே அழைக்க ஆரம்பித்துவிட்ட மனுஷர். இனி எந்த முகத்தோடு முடிச்சூருக்குள் நுழைவார்?

"இன்னாடா கேட்டாங்க?"

"பல்லு எத்தனைன்னு கேட்டாங்க, நைனா."

"நீ இன்னா சொன்ன?"

சொன்னேன். ஒன்று விடாமல், கட்டுப்பல் வரைக்கும் சொன்னேன்.

"இங்கிலீஷுலயா சொன்ன?"

"ஆமா."

"மூணு டாக்டருங்க எதிர்ல? ஒக்காந்துகினா?"

"ஆமா, நைனா. நாற்காலி குடுத்தாங்க."

"திக்காம?"

"திக்கல. அதான் பேஜாராயிடுச்சி."

"அட போடா!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "நம்ம வூட்ல எவன்டா டாக்டரு எதிர்ல நாக்காலில ஒக்காந்தான்? நாங்கெல்லாம் அவன் எதிர்ல வாயத் தொறந்துகினுதான் நின்னுருக்கோம். வா, காபி சாப்புடலாம்."

திரும்பி வரும் ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் ஆரம்பித்தார். கிண்டியில் டாக்டர்கள் மூன்று பேர். மீனம்பாக்கத்தில் ஐந்து பேர் ஆனார்கள். பல்லாவரத்தில் பெரிய டாக்டரின் கட்டுப்பல்லை நான் எட்ட இருந்தே கண்டுபிடித்துவிட்டேன். குரோம்பேட்டையில் அவர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். தாம்பரத்தில் இறங்கும்போது அந்தக் கை கொடுத்தவரின் பல்லே கீழே விழுந்துவிட்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பல் மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. கால்நடைக் கல்லூரி இன்டர்வியூவுக்குச் சிங்கம் போலப் போனேன். அங்கே மாட்டுப் பல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கோழியைப் பற்றிக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் கோழி கிடையாது. விலங்கியலுக்கு என் மார்க் எட்டவில்லை. நாலாவதாக வைத்திருந்த பயிற்சிக்கு அழைப்பு வந்தது. நடந்தே போனேன்.

இன்று தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பின்னறைதான் என் ராஜ்யம். மெழுகு, அச்சு, அரம், ஸ்டவ். என் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் எங்கோ ஒரு பெரியவர் முறுக்கைக் கடிக்கிற சத்தம் கேட்டால் நான் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பேன். பாதிக்குப் பாதி அது என் வேலையாக இருக்கும். அஸ்தினாபுரத்திலிருந்து பொழிச்சலூர் வரைக்கும் என் பற்கள் சிரித்துக்கொண்டிருக்கின்றன. இதைவிட அதிக ஊர்களை எந்த டாக்டர் சிரிக்க வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் வீட்டில் அந்த இன்டர்வியூ இன்னும் முடியவில்லை. எங்கள் சொந்தத்தில் யார் பரீட்சைக்கோ வேலைக்கோ கிளம்பினாலும், "மேல் பல்லு கீதுன்னு மறக்காம சொல்லு" என்றுதான் வழியனுப்புகிறார்கள். என்னைக் கட்டிக்கொண்டவளுக்கும் இந்தக் கதையைப் பெண் பார்க்கப் போன அன்றே நைனா சொல்லிவிட்டார். (ரயில் பதிப்பு.)

போன மாதம் என் மகளுக்குப் பல் முளைத்தது. நைனா குழந்தையை மடியில் போட்டு, கடைவாய் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து, பழக்க தோஷத்தில் மாட்டுக்குத் திறப்பது போலவே வாயைத் திறந்தார்.

"மாமா, கைய கழுவினீங்களா?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

நைனா அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் என்னவென்று சொல்வேன்?

"டேய், இங்க வா! கீழ ரெண்டு பல்லு கீது. மேல முன்னால ஒண்ணியும் இல்ல. வெறும் ஈறுதான்."

"ஆமா, நைனா. குழந்தைக்கு அப்படித்தான்..."

"அப்ப நீ சொன்னது ரைட்டுதானடா! அந்த மூணு பேரும் இப்ப எங்க கீறாங்க? இட்டுகினு வா, காட்டறேன்!"

அவர் குரல் தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். குழந்தை ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தது. பிறகு இருக்கிற இரண்டு பல்லாலும் அவர் விரலைப் பிடித்துக் கடித்தது.