ஞாயிறு பத்து மணிக்குப் படம் உடைவது பற்றி

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நான் சுகம். வீடும் சுகம். வீட்டில் மற்றவர்கள் என்று யாரும் இல்லாததால் அவர்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அங்கு தாங்களும், என் மகளும், இரட்டைப் பேத்திகள் பெரியதும் சின்னதும், அவர்களைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதத்துக்கு என்று வந்து பதினோரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் அத்தையும், அதாவது என் மனைவியும், சுகமாயிருக்க வேண்டும். கடிதத்தைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியதற்கு மன்னிக்கவும். வீட்டுக்கு அனுப்பினால் உங்கள் அத்தை பிரித்துவிடுவாள். தனக்கு வரும் கடிதத்தைவிட அடுத்தவருக்கு வரும் கடிதத்தைத்தான் அவள் கவனமாகப் படிப்பாள்.

விஷயம், ஞாயிறுதோறும் டிவியில் முகம் பார்த்துப் பேசத் தாங்கள் அனுப்பிவைத்த இரண்டு பெட்டிகள். மாப்பிள்ளை ஆசையாக வாங்கி அனுப்பிய பொருளைக் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே இதைக் குறையாக நினைக்காமல், வயதானவன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவம் மோசம்.

முன்னறையில் இணைய மோடத்துக்குப் பக்கத்து பிளக்கில் ஒரு பெட்டி, பின்பக்க ஹாலில் கேமரா வைத்த டிவிக்கு ஒரு பெட்டி, நடுவில் புது வயர் எதுவும் இழுக்க வேண்டாம், சுவருக்குள் ஓடுகிற கரண்ட் வயரே படத்தையும் பேச்சையும் சுமந்துகொண்டு போய்ச் சேர்த்துவிடும், எங்கள் வீட்டிலும் இதே ஜோடிதான் போட்டிருக்கிறேன் என்று தாங்கள் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதற்கும் மன்னிக்கவும். முப்பத்தாறு வருடம் வயரிங் மேற்பார்வையாளராக இருந்து, கரண்ட் வயரில் வருவது இரண்டே இரண்டுதான், ஒன்று கரண்ட், இன்னொன்று ஷாக் என்று பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். பெட்டியை எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகக் கூடாது, நேரே சுவரில்தான் சொருக வேண்டும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. சுவர் பிளக் பீரோவுக்குப் பின்னால். பீரோவைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். இருப்பது ஒருவன். தள்ளினேன். பீரோ ஒரு முழம் நகர்ந்தது, என் இடுப்பு எலும்பு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தது. மூன்று நாள் படுக்கை. ஆனால் பீரோவுக்குப் பின்னால் தூசிக்கு நடுவில் உங்கள் அத்தையின் பழைய மூக்குக் கண்ணாடி கிடந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு நான் அதன் மேல் உட்கார்ந்து உடைத்து, யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டுவிட்டேன் என்று முடிவு கட்டி, ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாளே, அதே கண்ணாடி. ஒரு கீறல் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நியாயம் என் பக்கம் இருக்கிறது, மாப்பிள்ளை. அதைக் காட்டத்தான் வீட்டில் ஆள் இல்லை.

முதல் ஞாயிறு பத்து மணிக்கு டிவியைப் போட்டேன். இந்த வீடு கட்டியபோது நான் என் கையால் இழுத்த கரண்ட் வயர் வழியாகப் பெரிய பேத்தியின் முகம் வந்தது. கீழ்வரிசையில் இரண்டு பல். உங்களை மனதுக்குள் கும்பிட்டேன், பொய்யில்லை. பிறகு எல்லோரும் பார்க்கும்படி கண்ணாடியை உயரத் தூக்கிப் பிடித்து, “இது என்னன்னு தெரியுதா?” என்று கேட்டேன். அந்த நொடியில் தண்ணீர் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. உங்கள் அத்தையின் வாய் ஒரு கட்டத்திலும் மூக்கு இன்னொரு கட்டத்திலும் நின்றுவிட்டன. வாய் திறந்திருந்தது. திட்ட ஆரம்பித்த வாயா, மன்னிப்புக் கேட்க ஆரம்பித்த வாயா என்று எனக்கு இதுவரை தெரியாது.

அன்றிலிருந்து என் பிழைப்பு இதுதான். எந்த மோட்டார் ஓடினாலும் வயரில் இரைச்சல் ஏறிப் படம் உடைகிறது என்று கண்டுபிடித்தேன். ஞாயிறு காலையில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினேன், அப்புறம் ஃபிரிட்ஜை நிறுத்தினேன், அதன் பிறகும் மனது கேட்காமல் ஃபேனை நிறுத்தினேன், போன் சார்ஜரைப் பிடுங்கினேன், கடைசியில் லைட்டுகளையும் அணைத்துவிட்டு, டிவியில் வெளிச்சம் அடிக்கக் கூடாதே என்று திரைச்சீலையையும் இழுத்து மூடிக்கொண்டு, வேர்வையில் நனைந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. எனக்கு உங்கள் எல்லோரையும் தெரிந்தது. உங்களுக்குத்தான் என்னைத் தெரியவில்லை. “அப்பா, ஒரே கறுப்பா இருக்கு, நீங்க எங்க இருக்கீங்க?” என்றாள் மகள். “இங்கதான்மா இருக்கேன்” என்றேன். இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்ததும் சின்னது வீறிட்டு அழ ஆரம்பித்தது. அது தாத்தாவின் குரல்தான் என்று அதற்கு யார் சொல்வது? என்னை அது நேரில் பார்த்ததே இல்லையே.

சரி, விஷயம் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம் என்று இணைய இணைப்புக்காரரை வரவழைத்தேன். அவர் பெட்டிகளைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், ஸ்விட்ச் போர்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். “சார், பெட்டியில ஒண்ணும் இல்ல. யாரு சார் இந்த வீட்டுக்கு வயரிங் பண்ணது? அந்த ஆள் கையை உடைக்கணும்” என்றார். “யாரோ பழைய ஆளு. இப்ப எங்க இருக்காரோ தெரியல” என்று சொல்லி, அவருக்கு என் கையாலேயே காபி கொடுத்து அனுப்பினேன்.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு தடவை படம் உடைந்ததும் இரண்டு நிமிடத்தில் உங்கள் அத்தை போனில் வந்துவிடுகிறாள்.

“என்னங்க, பெட்டியில எத்தனை லைட்டு எரியுது?”

“மூணு.”

“நடுவுல இருக்கிறது என்ன கலரு?”

“சிவப்பு.”

“கழட்டிட்டுப் பத்து எண்ணி மாட்டுங்க. நிதானமா எண்ணுங்க, உங்க அவசரத்துக்கு எண்ணாதீங்க.”

நான் எண்ணி முடிப்பதற்குள், “போன வாரமும் இதே சட்டைதானே? இடுப்புக்குத் தைலம் தேய்ச்சீங்களா? ஒருத்தருக்குத்தானேன்னு ஒரு வேளை ஆக்கி மூணு வேளையும் அதையே தின்னுட்டிருக்கீங்களா?” என்று ஆரம்பித்துவிடுகிறாள். இப்படியே வாராவாரம் அரை மணி, முக்கால் மணி நேரம் வீணாகிறது. என் வேலை கெடுகிறது. என்ன வேலை என்று கேட்காதீர்கள்.

ஆகவே பெட்டிகளைத் திருப்பி அனுப்ப உத்தரவு கொடுங்கள். பழையபடி போனிலேயே பேசிக்கொள்ளலாம். உங்கள் அத்தையை நினைத்து நீங்கள் சங்கடப்பட வேண்டாம். பேத்திகள் நடக்கும் வரை, வேண்டுமானால் பள்ளிக்கூடம் போகும் வரை கூட அங்கேயே இருக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. துணி துவைத்துக்கொள்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன். ஒரு தட்டுதானே.

மகளுக்கு என் ஆசி. பெரியதுக்கு ஒரு முத்தம், பயப்படாது என்றால் சின்னதுக்கும் ஒன்று. உங்கள் பெற்றோருக்கு என் வணக்கம். தாங்கள் நீண்ட ஆயுளோடும் நல்ல வயரிங்கோடும் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: நேற்று ஒட்டிய உறையை இன்று பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். பெட்டிகள் நன்றாக வேலை செய்கின்றன. இரண்டு மாதமாகப் படத்தை உடைப்பது நான்தான். சரியாகப் பத்தேகாலுக்குத் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் மிக்சியை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். டிவியில் உங்கள் அத்தை சோபாவின் ஓரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சபைக்கு நடுவில் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்கிறாள். நான் “நல்லா இருக்கேன்” என்கிறேன். அவ்வளவுதான். படம் உடைந்தால்தான் போனை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு அறைக்குப் போய் என்னோடு மட்டும் பேசுகிறாள். திட்டுதான், ஆனாலும் அந்தத் திட்டு முழுவதும் எனக்கே எனக்கு. குறை ஒன்றுமில்லை என்று எழுதிய வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். என்னால் தனியாக இருக்க முடியவில்லை, மாப்பிள்ளை. நிமிர்ந்து கேட்க வெட்கமாக இருந்தது, அதனால்தான் பெட்டியின் மேல் பழி போட்டேன்.

இன்று ஞாயிறு. செய்த தப்புக்குப் பரிகாரமாக மிக்சியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். படம் பளிச்சென்று வந்தது. பத்தேகால் ஆயிற்று, பத்து இருபது ஆயிற்று, உடையவில்லை. உங்கள் அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். நீங்களும் பார்த்தீர்கள். சற்று நேரத்தில் படம் சுக்குநூறாக உடைந்தது. உடனே போன் வந்தது. அவள் குரலுக்குப் பின்னால் புயல் அடிக்கிற மாதிரி இரைச்சல்.

“என்ன சத்தம் அது?”

“பொண்ணோட ஹேர் டிரையர்.”

“யாரு தலை காயவைக்கிறா?”

“யாரும் இல்ல. நீங்க பேசுங்க.”

ஆகவே மாப்பிள்ளை, கோளாறு இரண்டு பக்கமும் இருக்கிறது. நீங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.