மைதானத்து விளக்கும் ஒரு பொய்ச் சாட்சியும்

என் மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கே என் மூட்டுவலியைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் அத்தானுடைய இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிவிக்கவும். பத்து வருடமாகக் கடிதமே போடாதவன் இப்போது எதற்குப் போடுகிறான் என்று பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகள், அதாவது உன் மருமகள், உன்னைப் போனில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "அப்பா சின்ன வயசுல தெருவிளக்கு எரிஞ்சதும் தானா வீட்டுக்கு வந்துடுவாராமே, நிஜமா அத்தை?" நீ "ஆமாம்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மெசேஜே அனுப்பியிருக்கலாம். ஆனால் என் போனில் எனக்கே தெரியாத மூலை முடுக்கெல்லாம் அந்தப் பத்து வயதுக்கு அத்துப்படி. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் அவள் சோபாவில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, யாரோ யாருக்கோ பொம்மை வீடு கட்டிக் கொடுப்பதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய் சும்மா இருக்குமா? "உன் வயசுல நாங்கல்லாம் வீடே தங்க மாட்டோம்" என்று ஆரம்பித்து, எங்களுக்குப் போனும் கிடையாது வாட்சும் கிடையாது, தெருவிளக்குதான் கடிகாரம், அது எரிந்த அடுத்த நிமிடம் நான் வாசலில் நிற்பேன் என்று அரை மணி நேரம் அளந்தேன். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் பிழைத்திருப்பேன். எழுந்து போனை என் கையில் கொடுத்து, "சரிப்பா, இன்னிக்கு நானும் அப்படியே இருக்கேன். மைதானத்து விளக்கு எரிஞ்சதும் வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "இது சரியா வராது" என்றாள் என் மனைவி. நான் வழக்கம்போலக் காதில் வாங்கவில்லை.

ஆறரைக்குத் தெருவில் விளக்குகள் எரிந்தன, அவள் வரவில்லை. ஏழு ஆயிற்று, வரவில்லை. ஏழே காலுக்கு நான் மனைவியின் செருப்பில் ஒன்றும் என் செருப்பில் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு ஓடினேன். முதலில் மைதானம். கும்மிருட்டு. இந்த இருட்டில் எந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கும் என்று எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டி, நோட்டுப்புத்தகக் கடைக்குப் போய், அங்கே இல்லை என்றதும் அவளோடு படிக்கும் பெண்ணின் வீட்டுக்கு நாலு மாடி ஏறினேன். அந்தப் பெண்ணின் அம்மா போனைப் பார்த்துவிட்டு, "எங்க பொண்ணு இதோ வந்துட்டா, கீழ கேட் கிட்ட நிக்கறா" என்றாள். அவள் மகள் எந்தக் கேட்டில் நிற்கிறாள் என்பதுவரை அவளுக்குத் தெரிகிறது, என் மகள் எந்தத் திசையில் இருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியவில்லை. பதற்றத்தில் நானும் மகளுக்குப் போன் அடித்தேன். மணி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டு, "பீரோ மணி அடிக்குது. நீங்களா?" என்று கேட்டாள்.

தெருமுனையில் நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அப்போதுதான் அக்கா, எனக்கு உன் ஞாபகம் வந்தது. உன் பன்னிரண்டு வயதில், ஒரு சாயங்காலம் விடாமல், நீ தெருத்தெருவாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வருவாய். லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அதைக் கேட்டுச் சிரித்தவன் நான். போன சனிக்கிழமை கூப்பிட்டுக்கொண்டு நின்றவனும் நான்தான்.

திரும்பி வரும்போது மைதானத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள், காலடியில் ஒரு நாய். "எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினேன்.

"இங்கேயேதான்ப்பா இருக்கேன். விளக்கு இன்னும் எரியலையே."

"இருட்டினது தெரியலையா?"

"தெரிஞ்சுது. எல்லாரும் போன் வந்ததும் போய்ட்டாங்க. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

அக்கா, இந்தப் பகுதியின் தெருவிளக்குகளை இருபத்திரண்டு வருடமாகப் பழுது பார்க்கிறவன் உன் தம்பிதான் என்பதை இந்த இடத்தில் நீ நினைத்துப் பார்க்காமல் இருந்தால் நல்லது. புகார்களுக்கென்று ஆபீஸில் ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். நேரில் வந்து வாயால் சொன்னால்தான் அது புகார், மற்றதெல்லாம் வதந்தி என்பது என் கட்சி, அதனால் நான் அதைத் திறந்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி திறந்து காட்டினாள். மைதானத்துக் கம்பத்துக்கு மூன்று வாரத்தில் பதினேழு புகார். அதில் நாலு அவளே போட்டது.

மறுநாள் விடிந்ததும் ஏணி வண்டியோடு போய் விளக்கை மாற்றினேன். மகள் கீழே நின்று வேடிக்கை பார்த்தவள், "அப்ப, சின்ன வயசுல உங்க தெருவுல விளக்கு கெட்டே போகாதாப்பா? நீங்க தினமும் கரெக்டா வந்துடுவீங்களா?" என்று கேட்டாள். அந்த உயரத்தில் மனிதனுக்குப் புத்தி வேலை செய்யாது. "தினமும் வந்துடுவேன், வேணும்னா அத்தையைக் கேளு" என்று சொல்லித் தொலைத்தேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று இருட்டில் உட்கார்ந்திருந்த பெண், அக்கா, அவள். அந்த நம்பிக்கை போய்விட்டால் என்னிடம் மிச்சம் ஒன்றுமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு "ஆமாம்", உன் வாயால்.

அத்தானுக்கு என் வணக்கம். வெந்நீர் குடிக்கச் சொல். உன் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: நான் கவர் தேடப் போன நேரத்தில் அவள் மேஜையிலிருந்த இதைப் படித்துவிட்டாள். "தபால்ல போட்டா ஞாயித்துக்கிழமைக்குள்ள போகாதுப்பா" என்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியும் விட்டாள். இந்தப் பின்குறிப்பையும் எடுக்கப் போனோடு என் தோளருகில் நிற்கிறாள். ஆகவே மேலே கேட்ட பொய் வேண்டாம், உண்மையையே சொல்லிவிடு. அவள் கோபப்படவில்லை அக்கா. "தினமும் உங்களைத் தேடிக்கிட்டே இருந்தா, அத்தை எப்பப்பா விளையாடினாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பதிலை ஞாயிற்றுக்கிழமை நீயே சொல், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.