எழுந்து போகச் சொன்னது நான்தான்

கிள்ளான்,
8.3.1989, புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஞாயிறு பதிப்பு ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் அச்சுக் கோப்பவர்களும் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். நான் பத்திரிகைக்கு எழுதுவது இதுவே முதல் தடவை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் விஷயத்தைத் திருத்த வேண்டாம். அதை ஏற்கெனவே ஒருவர் நிறையத் திருத்திவிட்டார்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் 'சீறும் சிறுத்தை, கிள்ளான்' என்பவரின் கடிதத்தைப் போட்டிருந்தீர்கள். பஸ் நிலையத்துக்கு அருகே பேரங்காடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு பொரித்த கோழிக் கடையில் நம் இனப் பிள்ளைகளை மட்டும் குறிவைத்து விரட்டுகிறார்கள் என்றும், கூலிக்கு வைத்த ஒரு முரட்டு ஆள் ஏராளமான மாணவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான் என்றும், மற்ற இனத்துப் பிள்ளைகள் சொகுசாக உட்கார்ந்திருக்க நம் பிள்ளைகள் கண்ணீரோடு வெளியேறினார்கள் என்றும் அதில் இருந்தது. ஐயா, அந்த முரட்டு ஆள் நான்தான். எனக்குப் பதினேழு வயது. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஏராளமான மாணவர்கள் என்பது ஐந்து பேர். கழுத்தை யாரும் பிடிக்கவில்லை. போகும்போது அவர்கள் தங்கள் கோலாக் கோப்பையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, நாற்காலிகளையும் மேசைக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். கண்ணீர் வந்தது உண்மை. ஆனால் அது எனக்கு வந்தது, அதுவும் தங்கள் பத்திரிகையைப் படித்த பிறகு.

சீறும் சிறுத்தை என் அப்பா. பெயர் ரெங்கசாமி. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வீட்டில் சீற மாட்டார், பூனை குறுக்கே வந்தால்கூட நின்று வழிவிட்டுத்தான் போவார். ஆகவே அவர் மேல் தாங்கள் கோபப்பட வேண்டாம். அவர் எதையும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தது நான். நடந்ததைச் சொல்கிறேன்.

நான் அதிகம் பேசாத பெண். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, பிறகு மலாய்ப் பள்ளியில் மலாய் பழகும் ரிமூவ் வகுப்பும் அதற்கு அடுத்த பாரம் ஒன்று வகுப்பும் முடித்தேன். பாரம் டூவில் ஒரு நாள் ஆசிரியை என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வகுப்பு சிரித்தது. மறுநாள் காலையில் வயிற்று வலி என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த வயிற்று வலி இரண்டு வருஷத்துக்கு மேல் நீடித்து, நான் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டேன். எங்கள் தாமான் குடியிருப்பில் என்னைப் பேச்சு வராத பெண் என்று நினைத்தவர்களும் உண்டு. ரொட்டிக்காரர் ஒரு வருஷம் என்னிடம் கை ஜாடையிலேயே பேசினார். அவருக்குத்தான் பேச்சு வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் ஜாடையிலேயே பதில் சொன்னேன். இப்படிப்பட்ட எனக்கு அந்தக் கோழிக் கடையில் வேலை கொடுத்தவர் மேனேஜர் மிஸ்டர் லியோங். அவர் மூன்று கேள்வி கேட்டார், நான் மூன்று முறை தலையாட்டினேன். "பகுஸ், நல்லது, அதிகம் பேசாத பொண்ணு" என்று மறுநாளே வரச் சொன்னார். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கால் வீங்கியபோது நான் கேட்காமலே இரண்டு நாள் லீவு கொடுத்தார். அவரைத்தான் அப்பா 'இனவெறி பிடித்த முதலாளி' என்று எழுதிவிட்டார். அவர் முதலாளிகூட இல்லை, அவரும் சம்பளத்துக்கு இருப்பவர்தான்.

கடையில் ஏர்கண்டிஷன் உண்டு. பள்ளிவிட்டதும் மாணவர்கள் வந்து ஒரு பானத்தை வாங்கி வைத்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பாடு வாங்கியவர்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலில் பிரசாதத்துக்கு நிற்பதுபோல் நிற்பார்கள். அதனால் போன மாதம் சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள், மாணவர்கள் அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது என்று. மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதியிருந்தது. தமிழில் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "மணி, நீ மேசை மேசையாப் போய் மரியாதையாச் சொல்லு" என்றார் மேனேஜர். சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். "மாஃப் அடிக், மாசா சூடா ஹாபிஸ்." மன்னிக்கணும் தம்பி தங்கைகளே, நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதை நான் கழிவறைக் கண்ணாடி முன்னால் இருபது முறை சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவள் நன்றாகச் சொன்னாள்.

முதல் நாள் மூன்று மேசைகள் அரை மணியைத் தாண்டியிருந்தன. ஒன்றில் டியூஷன் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஆறு சீனப் பெண்கள். அவர்கள் எதிரில் போய் நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சும்மா நிற்க முடியாமல் மேசையைத் துடைத்தேன். அவர்கள் "தேங்க்யூ" என்றார்கள். நான் "சாரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்ததில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலு மலாய்ப் பையன்கள். ஒருவன் நிமிர்ந்து "யா, காக்?" என்றான், என்ன அக்கா என்று கேட்பதுபோல். அட்டையில் இருந்த வாக்கியம் மறந்துபோய் "சாஸ்?" என்று கேட்டுவிட்டேன். வேண்டும் என்றான். கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஒரு மதியத்தில் அந்த மேசைக்கு மூன்று முறை சாஸ் கொடுத்தேன். எதற்கு இவ்வளவு சாஸ் என்று அவர்களும் கேட்கவில்லை, பாவம். மூன்றாவது மேசையில் ஒரு கோலாவில் ஐந்து உறிஞ்சு குழாய் போட்டுக்கொண்டு நம் பையன்கள். அங்கே போனதும் வாய் தானாகப் பேசியது.

"தம்பி, நேரம் ஆச்சு."

"சரிக்கா," என்று ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். "போய்ட்டு வர்றோம்க்கா" என்றுகூடச் சொன்னார்கள்.

ஐயா, அதுவரை என் பேச்சைக் கேட்டு யாரும் எழுந்ததும் இல்லை, உட்கார்ந்ததும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் என் நிறுத்தத்தை நானே சத்தமாகச் சொல்லி இறங்கினேன். மறுநாளும் அப்படியேதான் நடந்தது. சீனப் பெண்களுக்கு மேசை துடைத்தேன், மலாய்ப் பையன்களுக்கு சாஸ் கொடுத்தேன், நம் பையன்களை எழுப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் இதுதான் நடந்தது. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் "குட் ஜாப், மணி" என்றார் மேனேஜர். நான் விதியைச் சரியாகத்தான் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது என் தப்பு.

பன்னிரண்டாம் நாள் அந்த ஐவரில் பெரியவன், விஜயன், பாரம் ஃபோர் படிக்கிற பையன், எழுந்தபடியே என்னைக் கேட்டான்.

"ஏன்க்கா, எங்கள மட்டும்தான் சொல்றீங்க. அந்த டேபிளுக்கு இன்னும் அரை மணி ஆகலயா?"

"ரூல்ஸ் தம்பி."

"அதான்க்கா கேக்குறேன். அந்த டேபிளுக்கு வேற ரூல்ஸா?"

நான் குனிந்து அவர்கள் மேசையைத் துடைத்தேன். பக்கத்திலிருந்த சின்னப் பையன், "டேய், அக்கா மூஞ்சியப் பாரு, அழுதுருவாங்க போல. வாடா போவோம் லா" என்றான். போய்விட்டார்கள். போனவர்கள் பஸ்ஸில் இதைப் பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள். எழுப்பிவிட்டது ஓர் அக்கா என்பதை மட்டும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லை என்று நினைக்கிறேன். அந்த பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்க ஏறியவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னையா மாமா. அவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா சிறுத்தையாகி எழுதினார். தாங்கள் போட்டுவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். கன்னையா மாமா டீயைக் குடித்துக்கொண்டே, "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா ரூல்னா ரூல்தான் ரெங்கு. நான் பஸ்ஸுல ஏறுனா டிக்கெட் இல்லாதவன எறக்கி விடுறேன். அவன் யாரு எவருன்னா பாக்குறேன்?" என்றார்.

"பாக்க மாட்டியா? போன மாசம் உன் மச்சான் டிக்கெட் இல்லாம வந்தாரே, எறக்கி விட்டியா?"

"அவரு வயசானவரு லா."

"அவருக்கு முப்பத்தாறு வயசு."

அம்மா உள்ளேயிருந்து, "அஞ்சு பேரு ஒரு கோலாவ வச்சிக்கிட்டுக் குந்தியிருந்தா நானும்தான் எழுப்பி விடுவேன்" என்றார்.

"நீ எழுப்பலாம் வீரம்மா. அவன் எழுப்பக் கூடாது," என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு புள்ள. நீதான அங்க இருக்கே. யாரு எழுப்புனது?"

"தெரியலப்பா," என்றேன்.

"பாத்தியா கன்னையா, சொல்லக்கூட பயப்படுது. இந்தச் சம்பளம் நமக்கு வேணாம்மா. வர்ற ஞாயித்துக்கிழம சங்கத்து ஆளுங்களோட நாங்க கட முன்னால அட்ட பிடிச்சு நிக்கப் போறோம். அதுக்குள்ள நீ வேலைய விட்டு நின்னுடு."

இதுதான் ஐயா என் நிலைமை. எனக்கு இந்த வேலை வேண்டும். கடையில் கிடைக்கும் கோழிக்காகவோ குளிர் காற்றுக்காகவோ சொல்லவில்லை. இந்த வேலையை விட்டால் நான் மறுபடியும் ரொட்டிக்காரரோடு ஜாடை பேசுகிறவளாக ஆகிவிடுவேன். அப்பாவிடமே உண்மையைச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். மூன்று முறை அருகில் போய் நின்றேன். மேலும் அப்பா அச்சில் வந்ததைத்தான் நம்புவார். தாம் எழுதியதையே அச்சில் பார்த்த பிறகுதான் அவர் முழுதாக நம்பினார். ஆகையால் இந்த ஞாயிறு பதிப்பிலேயே தாங்கள் இதைப் போட வேண்டும். அந்தக் கடையில் இனப் பாகுபாடு எதுவும் கிடையாது. மேனேஜர் எல்லா மேசைக்கும் சொல்லச் சொன்னார். மற்ற மொழியில் பேசக் கூச்சப்பட்ட ஒரு பெண், தனக்குப் பேச வந்த மேசைக்கு மட்டும் சொன்னாள். நம் பையன்கள் மரியாதை தெரிந்தவர்களாக இருந்ததால் சொன்னவுடன் எழுந்தார்கள். அவர்கள் கொஞ்சம் மரியாதை இல்லாதவர்களாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. குற்றம் முழுவதும் என்னுடையது. என் பெயரைப் போட்டாலும் பரவாயில்லை. அப்பாவின் பெயரை மட்டும் போட வேண்டாம், அவர் சிறுத்தையாகவே இருக்கட்டும்.

தங்கள் குடும்பத்தாருக்கும், ஞாயிறு பதிப்பை மழையிலும் நனையாமல் கொண்டுவந்து போடுகிறவருக்கும் எங்கள் வீட்டு வேல்முருகன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா படித்து முடித்த பிறகு தங்கள் பத்திரிகையைப் படிக்கும்,
ரெ. தங்கமணி.

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை. கடிதத்தை நேற்றே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் குற்றம் என்னுடையது என்று எழுதிவிட்டு, அதைத் திருத்தாமல் இருந்தால் எப்படி என்று தோன்றியது. மதியம் அந்த ஆறு சீனப் பெண்கள் வந்து முக்கால் மணி ஆனதும் நேராகப் போனேன். "மாஃப் அடிக், மாசா சூடா ஹாபிஸ்" என்றேன். சத்தம் வந்தது, ஐயா. அவர்கள் "சாரி, காக்" என்று உடனே புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார்கள். இவ்வளவு சுலபமா என்று நான் நினைப்பதற்குள் மேனேஜர் உள்ளேயிருந்து வேகமாக வந்து, "தா ஆப்பா, டுடுக், டுடுக்" என்று, பரவாயில்லை எனச் சொல்லி அவர்களை உட்கார வைத்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மணி, அந்த மேசைக்கு எதுக்குச் சொன்னே?"

"எல்லா மேசைக்கும் சொல்லச் சொன்னீங்களே, பாஸ்."

"சொன்னேன். ஆனா உனக்குத்தான் புரிஞ்சிருந்துச்சே. ரெண்டு வாரமா எவ்வளவு அழகாச் செஞ்சே. உன் ஆளுங்களுக்கு நீ சொன்னா சண்டை வராது. அதுக்குத்தானே உன்னை இங்க போட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே, எனக்கு ஒரு ஐஸ்கிரீம் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் அம்மாவுக்காக லீவு கொடுத்ததும் பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. அப்பா எதையும் பார்க்காமல் எழுதினார், பாதி சரியாக இருக்கிறது. நான் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்துத் தப்பாக எழுதிவிட்டேன். ஆகையால் உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியதைப் போட வேண்டாம். வேலையை விடவும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் சங்கத்து ஆட்களும் வெளியே நிற்பார்கள், நான் உள்ளே இருப்பேன். அரை மணி ஆனதும் ஒரு மேசை விடாமல் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன். எந்த மேசைக்குச் சொல்லும்போது மேனேஜர் ஓடி வருகிறார் என்பதை அப்பா கண்ணாடி வழியாகத் தாமே பார்த்துக்கொள்ளட்டும். தங்கள் நிருபரை அனுப்புவதானால் மூன்று மணிக்கு அனுப்புங்கள். டியூஷன் விடுவது அப்போதுதான்.