பெட்டிக்குள் இருந்த அறிவியல் சார்

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் என்னை அதிகமாகக் கோபப்படுத்திய மனிதர் யார் என்று கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். எங்கள் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் ஆசிரியர், பெட்டி சார்.

அப்போது நான் துணைத் தலைமையாசிரியை. பள்ளிக்கு வந்த தொடுதிரைப் பலகை மூன்றே மாதத்தில் கண்ணை மூடிவிட்டது. பழுது பார்க்க வருகிறேன் என்றவர் வரவே இல்லை. ஆனாலும் பெட்டி சாரின் பாடக்குறிப்பில் வாரம் தவறாமல் "ஊடாடும் ஊடகம்: மூன்று முறை" என்று இருந்தது. அவர் வகுப்பிலிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, பலகைக்கு உயிர் வந்துவிட்டது என்று நம்பி நானும் மடச்சி மாதிரி கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை பதவி எனக்கு வரவிருந்த நேரம் அது.

அதற்காகவே என் வேலையைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். பெருமையாக அவரை நான்காம் ஆண்டு அறிவியல் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். பலகையைக் காணோம். பலகை வந்த அட்டைப்பெட்டிதான் ஆள் உயரத்துக்கு நின்றது. முகப்பில் வேர், இலை, பூ என்று மூன்று படங்கள். மேலே, "செடிக்கு உணவு தயாரிப்பது எது?"

அதிகாரி விளையாட்டாக வேரைத் தொட்டார்.

"தப்பு," என்றது பெட்டி. "ஏன் வேருன்னு நெனச்சீங்க?"

அதிகாரிக்கு முகம் சிவந்தது. "மண்ணுலேருந்துதானே சாப்பாடு எடுக்குது?"

"தண்ணியும் உப்பும்தான் லா எடுக்கும். சமையல் இலையில நடக்குது. இது நாலாம் ஆண்டுப் பாடம்."

"சார், வெளிய வாங்க," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருங்க டீச்சர், அவரு இன்னும் சரியா அமுக்கல."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரி இலையைத் தொட்டார். உள்ளே வாயாலேயே ஒரு மணி அடித்தது. ஓட்டை வழியே வியர்த்த கை ஒன்று நீண்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. பெட்டி சாரைத் தீவுக்கு வெளியே, பத்து காவான் என்ற ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது மன்னிப்பாவது கேட்டாரா மனிதர்? "பெட்டியத் தூக்கிப் போட்டுறாதீங்க டீச்சர்," என்றார். அன்றே குப்பைக்கு அனுப்பினேன்.

சக்கரம் வைத்த புதுப் பலகை வந்தது. அவர் பாடம் என் தலையில் விழுந்தது. போன வாரம் ஒரு சிறுமி தவறான படத்தைத் தொட்டாள். சிவப்பாக ஒரு பெருக்கல் குறி மின்னியது, உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"டீச்சர், தப்புன்னு மட்டும் சொல்லுது. நான் ஏன் அப்படி நெனச்சேன்னு கேக்கவே மாட்டேங்குது."

எனக்கு அந்தப் பலகைமேல் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அந்தப் பாவி மனிதரை என் மனம் எவ்வளவு தேடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பலகையை அணைத்தேன். அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"இப்ப அமுக்கும்மா," என்றேன்.