கோட்டைச்சாமிக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் போஸ்டர்

புத்தகக் கண்காட்சியின் நாற்பத்தோராம் ஸ்டாலுக்கு முதல் பூமாலை ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டிய கனமான மாலை. அதைத் தூக்கி வந்த திருமங்கலத்துக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"யாரைண்ணே?" என்றான் பாலமுரளி.

"கோட்டைச்சாமியத்தான்."

பாலமுரளிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அவன் படைத்த கதாநாயகனைப் பேர் சொல்லிக் கேட்டு வந்த முதல் மனிதர் இவர். மாலை எதற்கு என்று ஒரு கணம் யோசித்தான். கலைஞனுக்குப் போடத்தான் இருக்கும் என்று அவனே முடிவுசெய்து, தலையைக் கொஞ்சம் குனிந்துகூடக் கொடுத்தான். மாலை விழவில்லை. வந்தவர் அவனைத் தாண்டி ஸ்டாலுக்குள் எட்டிப் பார்த்து, "வீட்டுலருந்து இன்னும் எடுத்துட்டு வரலையா?" என்றார்.

பாலமுரளி கீழவாசல் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் சேலை பிரித்துக் காட்டுகிறவன். ஒரு நாளைக்கு இருநூறு சேலை பிரித்தால் நூற்றுத் தொண்ணூறை மறுபடி மடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுமைதான் படம் வரையவும் கைகொடுக்கிறது என்று சொல்லிக்கொள்வான். இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் படக்கதை போட்டு வந்தான். நாயகன் கோட்டைச்சாமிக்கு ஐம்பது வயது, முறுக்கு மீசை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால் குப்பை அள்ளப்படும், குழாயில் தண்ணீர் வரும், குறுக்கே நிறுத்திய வண்டி தானாக நகரும். மதுரைக்கு இப்படி ஓர் ஆள் வேண்டும் என்பது பாலமுரளியின் மனமார்ந்த ஆசை. ஆனால் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று பக்கத்தின் அடியில் காட்டும் எண் இருபத்தேழைத் தாண்டவில்லை. அதிலும் பாதி அவனே போய்ப் பார்த்தது.

அவன் சும்மாவும் இருக்கவில்லை. சென்னையில் காமிக்ஸ் வாசகர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போய் நாள் முழுக்க நோட்டீஸ் கொடுத்தான். அங்கே ஒருவர் நோட்டீசை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் வருவதற்குத் தாள் வாசனை கிடையாது, ஆகவே அது காமிக்ஸே கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். மதுரையில் டவுன் ஹால் ரோட்டுச் சந்தில் பழைய காமிக்ஸ் விற்கும் மலைச்சாமி மட்டும்தான் ஒரு கட்டு நோட்டீசை வாங்கிக் கடையில் வைத்துக்கொண்டார். தினம் ஒன்றாகக் கிழித்து அதில் வடையை வைத்து எண்ணெய் பிழிந்தார் என்பது வேறு விஷயம்.

வீட்டில் மனைவி இந்துப்ரியா கெடு வைத்திருந்தாள். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை என்று வந்தால் மட்டும், தெருவுக்கும் புரியட்டும் என்று அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். கெடுவைத் தமிழில்தான் வைத்தாள்.

"தீபாவளிக்குள்ள சொந்தக்காரங்க இல்லாத நாலு பேருக்கு, பாலமுரளின்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்கான்னு தெரியணும். நானூறு கேக்கல, நாலு. இல்லைன்னா கம்ப்யூட்டர் என் தம்பி ஹரிஷ்குமாருக்குப் போயிரும். அவனாவது அத வச்சுப் படிப்பான்."

கம்ப்யூட்டர் போனால் கோட்டைச்சாமியும் போனார். அதனால்தான் பாலமுரளி ஊரோடு ஒத்துப் போவது என்று தீர்மானித்தான். மதுரையில் காது குத்தினாலும் போஸ்டர், கல்யாணம் என்றாலும் போஸ்டர், கண்ணை மூடினாலும் போஸ்டர். கண்காட்சியில் ஸ்டால் எடுத்திருந்த மலைச்சாமி ஒரு ஸ்டூல் போடுகிற அளவு இடம் தருவதாகச் சொன்னதும் ஐந்நூறு போஸ்டர் அடித்தான். படக்கதை கறுப்பு வெள்ளை, ஆகவே போஸ்டரும் கறுப்பு வெள்ளை. படக்கதைக் கட்டத்துக்குத் தடித்த கறுப்புக் கோடு உண்டு, ஆகவே போஸ்டரைச் சுற்றியும் தடித்த கறுப்புக் கோடு. நடுவில் கோட்டைச்சாமியின் முகம். கீழே, 'கோட்டைச்சாமி. ஞாயிறு காலை பத்து மணி. தமுக்கம் மைதானம், ஸ்டால் 41. அனைவரும் வாரீர்.' அடியில் பொடி எழுத்தில் இணைய முகவரி.

கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு மீசைக்காரர் முகத்தைப் பார்த்தால் மதுரைக்காரர்கள் மேற்கொண்டு எதையும் படிக்க மாட்டார்கள். நேரத்தையும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொள்வார்கள்.

மதியத்துக்குள் பத்தொன்பது மாலை சேர்ந்துவிட்டது. கோட்டைச்சாமியோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததாக ஒருவர் சொன்னார். அவர் மட்டும் அன்றைக்குத் தட்டிக்கேட்டிருக்காவிட்டால் எங்கள் ஊருக்கு பஸ்ஸே வந்திருக்காது என்றார் இன்னொருவர். பேரையூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், எதிர் ஸ்டாலில் குழந்தைகளுக்கு மேஜிக் காட்டிக்கொண்டிருந்தவர் கையில் எடுத்த புறாவைக் கீழே விடும் அளவுக்கு ஒப்பாரி வைத்தார்.

மலைச்சாமி அவனை ஓரமாக இழுத்துப் போனார்.

"தம்பி, இம்புட்டுக் கூட்டம் வந்துச்சு, ஒருத்தன்கூட ஒரு புத்தகத்தப் புரட்டல. எழவு வீட்டுல எவனாவது யாவாரம் பண்ணுவானா? உண்மையச் சொல்லி அனுப்பி விட்டுருப்பா."

பாலமுரளி ஸ்டூல் மேல் ஏறி நின்று உண்மையைச் சொன்னான். கோட்டைச்சாமி சாகவில்லை, அப்படி ஓர் ஆளே கிடையாது, அது தான் வரைந்த படம் என்று சத்தியம் செய்தான். கூட்டம் முழுசாகக் கேட்டது. பிறகு திருமங்கலத்துக்காரர் மெல்ல முன்னால் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகனா நீங்க? மனசு ஏத்துக்காதுதான். ஆனா ஏத்துக்கிட்டுத்தான் தம்பி ஆகணும்."

அதன் பிறகு ஒவ்வொருவராக வரிசையில் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். யாரும் அவன் பெயரைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பாலமுரளி அச்சகத்துக்கு ஓடினான். அச்சகம் வைத்திருந்த சின்னக்கருப்பன் தன் மேல் தப்பே இல்லை என்று சாதித்தார். ஒற்றைக் கலரில் கேட்டால் துக்கம், நாலு கலரில் கேட்டால் விசேஷம், இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். கெட்ட பெயர் போக வேண்டுமானால் உடனே நாலு கலரில் ஒன்று அடித்து, பழைய போஸ்டர் மேலேயே ஒட்டிவிட வேண்டும் என்று யோசனையும் சொன்னார். பாலமுரளிக்கும் அது சரியாகத்தான் பட்டது.

புதுப் போஸ்டரில் கோட்டைச்சாமி சிரித்தார். உயிரோடு இருக்கிற ஆள் என்றால் கும்பிட வேண்டும் என்று சின்னக்கருப்பன் கண்டிப்பாகச் சொன்னதால் கும்பிடவும் செய்தார். 'கோட்டைச்சாமி நலமாக இருக்கிறார். உங்கள் தெருப் பிரச்சினையைத் தீர்க்க வருகிறார்.' அடியில் நாலு தலையாவது இல்லாமல் போஸ்டர் மொட்டையாகத் தெரியும் என்று மலைச்சாமி, ஹரிஷ்குமார், சின்னக்கருப்பன், பாலமுரளி ஆகியோரின் முகங்கள் தபால்தலை அளவில், பெயரோடு. தன் பெயரை அச்சில் பார்த்த சந்தோஷத்தில் பாலமுரளி வேறொன்றை மறந்துவிட்டான். அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். உள்ளாட்சித் தேர்தலுக்குச் சரியாக இரண்டு மாதம் இருந்தது.

ஆனையூர்ப் பக்கம் அவன் குடியிருந்த தெருவில் ஒரே நாளில் பேச்சு மாறிவிட்டது. செத்ததாக வதந்தி கிளப்பிவிட்டது எதிராளிகள்தான், மனுஷன் கிண்ணென்று எழுந்து வந்துவிட்டார், வார்டில் நிற்கப்போகிறார் என்றார்கள். பேருக்கு அடியில் 'காம்' என்று போட்டிருக்கிறது, பி.காம் படித்தவர் என்று பால்காரர் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

மூன்றாம் நாள் அழகுபாண்டி வந்தார். எந்தக் கட்சி ஜெயித்தாலும் அந்த வார்டில் அவர்தான் ஆள். பிறந்த சான்று, இறந்த சான்று, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், தண்ணீர் இணைப்பு, எதற்கும் ஃபாரம் நிரப்புவது அவர் கைதான். அக்குளில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும்.

"கோட்டைச்சாமி எந்தப் பக்கம் தம்பி? ஓட்டப் பிரிக்கத்தான நிக்கிறாரு?"

நிற்கவே இல்லை என்று பாலமுரளி கெஞ்சினான். அப்படியானால் அதை ஊரறியச் சொல்லட்டும் என்றார் அழகுபாண்டி. ஊரறியச் சொல்ல மதுரையில் ஒரே வழிதான் உண்டு. 'கோட்டைச்சாமி தேர்தலில் நிற்கவில்லை' என்று மூன்றாவது போஸ்டர் ஒட்டப்பட்டது.

அன்று சாயங்காலமே முப்பது பெண்கள் காலிக் குடங்களோடு அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். நல்லவன் ஒருத்தன் வந்தான், அவனையும் மிரட்டி விலக வைத்துவிட்டார்கள் என்று அவர்களுக்கு ஆத்திரம். மறுநாள் எதிர்த்தரப்பு ஆட்கள் வந்து, யாருக்காக விட்டுக்கொடுத்தார் என்று விசாரித்தார்கள். போஸ்டர் அடியில் இருந்த தலைகளில் அந்த வார்டு முகவரியோடு சிக்கியது பாலமுரளி ஒருவன்தான். கடைக்குப் போகிற வழியில் மறித்தார்கள், திரும்பி வருகிற வழியிலும் மறித்தார்கள். பாலமுரளி என்ற பெயர் இப்போது வார்டு முழுக்கத் தெரியும், கணக்குக்கு நாலு பேர் ஆகிவிட்டது என்று இந்துப்ரியாவிடம் வாதாடிப் பார்த்தான்.

"ஆர்ட்டிஸ்ட்னு தெரியணும்னு சொன்னேன். அல்லக்கைன்னு இல்ல," என்றாள் அவள்.

மறுபடி அழகுபாண்டியின் வண்டிச் சத்தம் கேட்டபோது பாலமுரளி கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, என்னவாவது சொல்லி அனுப்பிவிடும்படி கையெடுத்துக் கும்பிட்டான். இந்துப்ரியா வாசலுக்குப் போனாள். பாலமுரளி இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டார் என்றாள்.

"அப்ப இங்க யாரு இருக்கா?"

பொம்பளை தனியாக இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "கோட்டைச்சாமிதான் இருக்காரு. எங்களுக்குச் சித்தப்பா முறை. குளிச்சிட்டிருக்காரு, கூப்பிடவா?"

அழகுபாண்டி சட்டென்று தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குரலும் இறங்கிவிட்டது. வேண்டாம், பெரியவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நோட்டைப் பிரித்தார். அவருக்கு வயது என்ன இருக்கும் என்று மட்டும் மரியாதையாகக் கேட்டார். இந்துப்ரியா கதவுப் பக்கம் பார்த்தாள். பாலமுரளி ஒரு கையில் ஐந்து விரலையும் மறு கையில் மூடிய முஷ்டியையும் காட்டினான்.

"அம்பது," என்றாள்.

அன்றோடு தொல்லை நின்றது. குடங்கள் வரவில்லை, யாரும் மறிக்கவில்லை. வீட்டு வாசலில் கிடந்த குப்பைகூட அள்ளப்பட்டிருந்தது. கோட்டைச்சாமியை மதுரை மறந்துவிட்டதோ என்று பாலமுரளிக்கு உள்ளூர வருத்தம்தான். இணையத்தில் எண் இருபத்தொன்பது ஆகியிருந்தது. கூடிய இரண்டில் ஒன்று, கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஹரிஷ்குமார் சோதித்துப் பார்த்தது.

வாக்குப்பதிவு நாள் வந்தபோது தீபாவளிக்கு ஒரு வாரம்கூட முழுசாக இல்லை. ஹரிஷ்குமார் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போக அட்டைப்பெட்டியே கொண்டுவந்து வைத்துவிட்டான். அதைப் பார்க்கப் பார்க்க பாலமுரளிக்கு அழுகை வந்தது. வெளியே சொல்லவில்லை. ஆனால் ஓட்டுப் போடக் கிளம்பும்போது அவன் முகத்தில் திடீரென்று ஒரு தெளிவு வந்தது. சாவடியில் ஒவ்வொருவர் பெயரையும் சத்தமாக வாசிப்பார்கள், கட்சி ஏஜெண்டுகள் நாலு பேர் கேட்டு டிக் அடித்துக்கொள்வார்கள், அதே கையோடு நாலு பேரிடமும் தான் ஆர்ட்டிஸ்ட் என்று சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்றான். இந்துப்ரியா அட்டைப்பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"சரி. நாலு பேரும் தலையாட்டுனா கம்ப்யூட்டர் இருக்கட்டும்," என்றாள்.

சட்டைப்பையில் நாலு நோட்டீசை மடித்து வைத்துக்கொண்டு பாலமுரளி வரிசையில் நின்றான். முதலில் இந்துப்ரியா போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் அவள் பெயரைக் கணீரென்று வாசித்தார், நாலு ஏஜெண்டுகளும் டிக் அடித்தார்கள். அவன் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. அடுத்து அவன் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தலையை நிமிர்த்திப் பெயரைச் சொன்னான்.

அந்த அம்மாள் ஸ்கேலைப் பட்டியல் மேல் வைத்து மேலும் கீழும் நகர்த்தினார். இரண்டு பக்கம் முன்னால் போனார், திரும்பி வந்தார். பாலமுரளி என்ற பேரை அடித்திருக்கிறார்கள், வீடு மாறிப் போய்விட்டதாகக் குறிப்பு இருக்கிறது என்றார். மை வைத்த விரலோடு திரும்பி வந்த இந்துப்ரியா அதைக் கேட்டுவிட்டுக் கூரையில் சுற்றிய மின்விசிறியைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

"மேடம், நான் எங்கயும் போகல," என்றான் பாலமுரளி. நாலு ஏஜெண்டுகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அந்த வீட்டுல நான்தான் இருக்கேன். நான் ஒரு ஆர்ட்டிஸ்ட். என்னைய விட்டா அந்த விலாசத்துல வேற ஆம்பளையே கிடையாது."

அந்த அம்மாள் ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கினார்.

"ஏன் இல்ல? கோட்டைச்சாமி, வயசு அம்பது. காலையில ஏழு மணிக்கே மொத ஆளா வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிட்டாரே."