வியாழக்கிழமை யாரும் சுட வேண்டாம்

கராக்,
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி அபூ கைஸ் அவர்களுக்கு,

உங்கள் மீதும் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி உண்டாவதாக. இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான். போனில் சொன்னால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உங்கள் கைஸுக்கும் என் ஷுரூக்குக்கும் கல்யாணம். தஃபீலாவிலிருந்து நாற்பது கார்களில் வருகிறீர்களாம். நானூறு பேர் வந்தாலும் ஆட்டுக்கறி மன்சஃப் சோறு போடுகிறேன், குஷிக்குச் சுடுகிற துப்பாக்கி மட்டும் ஒன்றுகூட வரக் கூடாது. போன மாதம் உங்கள் தம்பி வந்திருந்தபோது, "சுடாம பொண்ணை அனுப்புனா ஊரு என்ன சொல்லும், அபூ ஹைஸம்? மௌத்தான வீடுன்னு நினைச்சுப் பாதிப் பேரு துக்கம் விசாரிச்சுட்டுப் போயிருவான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனபிறகு நீதிபதியின் தீர்ப்பை எடுத்து மறுபடி படித்தேன்.

என் வழக்கு உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மார்ச்சில் அண்ணன் மகன் பட்டம் வாங்கிய விருந்தில் நாலு பேர் உசுப்பிவிட, ஐம்பத்தாறு வயதுக்காரன் நான் வானத்தைப் பார்த்துச் சுட்டேன். அவ்வளவு பெரிய வானத்தைத் தவறவிட்டுப் பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுட்டவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். விருந்தாளிகள் நனைந்தார்கள், குனாஃபா இனிப்பு மிதந்தது, போலீஸ் வந்தது. நீதிபதி என்னை ஏற இறங்கப் பார்த்து, "மூணு மாசம் உள்ள போடணும். முதல் தப்பு, யாருக்கும் காயமில்ல, அதனால ஒரு வருஷம் கண்காணிப்புல வெளிய விடறேன். அதுக்குள்ள உங்க வீட்டு விசேஷத்துல யாரு சுட்டாலும் சரி, அந்த மூணு மாசம் உங்களுக்குத்தான்" என்றார். யார் சுட்டாலும், சம்பந்தி!

அன்றிலிருந்து, சிறைக்குப் பதிலாக, பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கிறேன். "மாமா, தொட்டி பொழைச்சுக்குச்சா?" என்று பிள்ளைகள் தினமும் நலம் விசாரிக்கிறார்கள். கடைத்தெருவில் லாரி டயர் வெடித்தால் நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். ஒருநாள் பக்கத்தில் யாரோ பலூன் உடைக்க, நேரே என் நன்னடத்தை அலுவலர் நவ்வாஃபிடம் ஓடினேன்.

"நான் சுடல ஐயா!"

"யாரு சுட்டது?"

"யாரும் சுடல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து அனுப்பினார். ஆனால் அவர் மேசையில் என் பெயர் போட்ட கோப்பு ஒன்று இருக்கிறது. மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதே இரவு நான் சிறைக்குப் போனால், அவள் எந்த முகத்தோடு உங்கள் வீட்டு வாசல் மிதிப்பாள்? கைதட்டுங்கள், குலவையிடுங்கள், காரின் ஹாரனை உடையும்வரை அடியுங்கள். சுடாதீர்கள். உங்கள் தாடியைப் பிடித்துக் கெஞ்சுகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாம், சிறியவர்களுக்கு என் முத்தம். மணமக்கள் வாழ்நாளெல்லாம் சத்தமில்லாமல் சந்தோஷமாக இருக்க இறைவன் அருளட்டும்.

இப்படிக்கு,
அபூ ஹைஸம்

பி.கு.: என் மனைவி இப்போதுதான் ஞாபகப்படுத்தினாள். என் அப்பாவின் பழைய ரைபிள் ஒன்று கோதுமை மூட்டைக்குள் இருக்கிறது. "வேற ஆயுதம் ஏதாவது இருக்கா?" என்று நீதிபதி கேட்டபோது தலையை ஆட்டினேன், எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அதை ஷுரூக்கின் சீர் மெத்தைக்குள் சுருட்டி அனுப்புகிறேன். வருடம் முடியும்வரை உங்களிடம் இருக்கட்டும். படித்ததும் கடிதத்தை எரித்துவிடுங்கள்.

மற்றொரு பி.கு.: நவ்வாஃப் வந்துவிட்டார். நாளை வேலையாகத் தஃபீலாவுக்குப் போகிறாராம். "சம்பந்திக்கா எழுதறீங்க? குடுங்க, நானே அவர் கையில குடுத்துடறேன்" என்கிறார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். மூன்றாவது காபியும் குடித்தாயிற்று, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். உறையை ஒட்ட என் நாக்கில் ஈரமே இல்லை.