ஹாரன் அண்ணன் இறங்கி நடந்த வளைவு

நீலகிரியில் மேகத்தைக்கூட ஹாரன் அடித்து விலகச் சொன்ன ஒரே மனிதர், எங்கள் எஸ்டேட்டிலிருந்து குன்னூருக்கு ஷேர் ஜீப் ஓட்டிய ஹாரன் அண்ணன்தான். வளைவுக்கு முன்னால் அடிப்பார், வளைவில் அடிப்பார், தாண்டிய பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று அடிப்பார். என் காது மந்தமானது அதனால்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். மனைவி கூப்பிடும்போது மட்டும் மந்தம்.

ஒரு காலை, பாதி வழியில் ஒரு வளைவுக்கு முன்னால் ஜீப் சத்தமில்லாமல் நின்றது. அண்ணன் இறங்கி நடந்து, எதிரே வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து மெல்ல ஓட்டினார்.

"ஏனுங்ணா, ஹாரன் செத்துப்போச்சுங்களா?" என்றேன்.

"அந்த மண் திட்டுல பொந்து தெரியுதுங்களா? உள்ள மூணு குஞ்சுங்க. ஹாரன் அடிச்சா தாய்க்காரி வாயில இருக்கற புழுவப் போட்டுட்டு ஓடிருது."

பார்த்தேன். தேயிலைச் செடியின் உச்சியில், இறக்கையில் வெள்ளைத் தீற்றலோடு ஒரு கறுப்புக் குருவி சன்னமாகப் பாடியது. பக்கத்தில் மண் நிறத்தில் அதன் பெண்டாட்டி. புதர்ச்சிட்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிறந்தது முதல் இந்த மலையில்தான் இருக்கிறேன். நான் நெருங்கிப் பழகிய பறவை பிராய்லர் கோழி மட்டுமே.

மறுநாளிலிருந்து எட்டிப் பார்க்கும் வேலை முன்சீட்டுக்காரனான எனக்கு வந்தது. தொப்பையோடு தூறலில் நடந்து கை காட்டினேன். பின்சீட்டிலிருந்து செல்வியக்கா, "சார் நடக்கற வேகத்துக்கு, அதுக பேரன் பேத்தியே எடுத்துருமுங்க" என்றார்.

அந்த வாரமே சாலையை அகலப்படுத்த ஒரு பொக்லைன் வந்து திட்டின் எதிரே நின்றது. அண்ணன் ஜீப்பை நடுவில் நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டிய எடுங்க!" என்று ஆபரேட்டர் கத்தினார்.

"ரெண்டு நாளு அந்த மேல் வளைவுல வேலை பாருங்க தம்பி. குஞ்சுக வெளிய வந்துரும்."

"குருவிக்காக மிஷின நிறுத்துனா, மொதலாளி என்னைய நிறுத்திருவாருங்க."

ஜீப்பிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. செல்வியக்கா டிபன் பாக்ஸைத் திறந்து ஆபரேட்டரிடம் ஓர் இட்லியை நீட்டினார். அதைத் தின்று முடித்துவிட்டு, "ரெண்டே நாளுதானுங்க" என்று அவர் மிஷினைத் திருப்பினார்.

இரண்டாம் நாள் காலை, இரண்டு குஞ்சுகள் வாலே முளைக்காமல் செடிக்குத் தாவின. மூன்றாவது பொந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. மேலிருந்து பொக்லைன் உறுமிக்கொண்டு இறங்கியது. ஜீப்பை நிறுத்தி எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"வா சாமி," என்றார் அண்ணன். அவருக்கு அப்படி ஒரு தாழ்ந்த குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

குஞ்சு குதித்தது, மண்ணில் விழுந்தது, எழுந்து தத்தித் தத்திச் செடிக்குள் மறைந்தது.

அண்ணன் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். நான் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டேன், அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று.